பனிக்காலக் கொல்லையும் அடுப்படியும்: வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி அடைமழையில் தொடங்கி மாசிப் பனி விலகும் வரை வீட்டு மூலிகைகளை எவ்வாறு காப்பது, சமையலிலும் வீட்டிலும் அவற்றை எவ்வாறு பயன்படுத்துவது என்று காவிரிப் படுகை வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் சில கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

மன்னார்குடி வாசகி: எங்கள் கொல்லையில் ஓமவல்லியும் துளசியும் ஆடி, ஆவணியில் செழித்து நிற்கின்றன. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் ஓமவல்லியின் தண்டு அடியில் கறுத்து அழுகிவிடுகிறது. துளசி இலை உதிர்த்துக் குச்சியாகிவிடுகிறது. இவை குளிர் தாங்காத செடிகளா?

குளிரின் மீது பழி போட வேண்டியதில்லை. நம் பகுதியில் மார்கழி, தை மாத இரவுகளில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. அந்த அளவுக் குளிர் ஓமவல்லியையோ துளசியையோ கொல்லாது. கொல்வது வேரடியில் தேங்கும் நீர்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஆற்று வண்டல் படிந்த நம் களிமண்ணோ, நெல்லுக்கு நீரைத் தேக்கித் தரும் அதே குணத்தால், கொல்லையிலும் நீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் நீர் அடைத்துக்கொள்வதால் வேர் மூச்சுவிட வழியின்றித் தளர்கிறது. அதன்பின் பூஞ்சை எளிதாகப் புகுந்துவிடுகிறது. தன் தடித்த இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் ஓமவல்லிக்கு இந்தத் துன்பம் இரட்டிப்பாகும்.

ஆகையால் புரட்டாசி முடிவதற்குள் இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். முதலாவது, ஓமவல்லியின் நுனிக் கிளைகளில் விரல் நீளத்துக்குச் சில துண்டுகளை நறுக்கி, அடியிலைகளைக் களைந்து, வெட்டுவாய் ஒரு நாள் நிழலில் உலர்ந்தபின் வேறொரு தொட்டியில் ஊன்றிவைப்பது. இரண்டு வாரங்களில் வேர் பிடித்துவிடும், தாய்ச்செடி போனாலும் வித்து மிஞ்சும். இரண்டாவது, தொட்டி மண்ணை மாற்றுவது. கொல்லை மண்ணை அப்படியே அள்ளி நிரப்பாமல், செம்மண், மணல், நன்கு மக்கிய எரு ஆகிய மூன்றையும் சம அளவாகக் கலந்து, அடித்துளையின் மீது ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கலவையை இடுங்கள். தொட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கற்களின் மீது தூக்கி வைத்தால் துளை அடைபடாது. கூரையின் இறவாரத்திலிருந்து நீர் சொட்டும் இடம் கண்டிப்பாக ஆகாது. மழைநீரைவிட அந்த ஓயாத சொட்டுதான் அடித்தண்டை அழுகச் செய்கிறது.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டையும் மழை மாதங்களில் எடுத்துவிடுங்கள். அதில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது.

துளசி இலை உதிர்வதில் முழுவதும் நோய் இல்லை. பகல் குறுகும் இந்த மாதங்களில் அது பூக்கதிர் விட்டு விதை கட்டப் பார்க்கிறது. கதிர் தலைகாட்டும்போதே கிள்ளிவிட்டு, அதற்குக் கீழே இரண்டு கணு விட்டு நுனியை ஒடித்தால் பக்கக் கிளைகள் வெடிக்கும். கிள்ளிய கதிர்களை எறிய வேண்டாம். பூசைக்கும் ஆகும், குடிநீர்ப் பானையில் இட்டாலும் மணக்கும்.

கும்பகோணம் வாசகர்: நெருக்கமான தெருவில் ஓட்டு வீடு. முற்றத்தில் காலையில் சிறிது நேரமே வெயில் விழுகிறது. மார்கழியில் அதுவும் இல்லை. மாடியில் கொஞ்சம் இடம் உண்டு. எதை எங்கே வைப்பது?

மார்கழியில் ஞாயிறு தெற்கே சாய்ந்து செல்கிறது. உச்சிப் பொழுதில்கூட நம் தலைக்கு நேரே வராமல் ஏறத்தாழ 56 பாகை உயரத்தில்தான் நிற்கும். பகற்பொழுதும் பதினொன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே சுவருக்கு வடக்கே இருக்கும் இடம் வாரக்கணக்கில் நிழலிலேயே கிடக்கும். சித்திரையில் வெயில் கொளுத்துகிறதே என்று மாடியின் வடபுறம் ஒதுக்கி வைத்த துளசியையும் தூதுவளையையும் கார்த்திகை பிறந்ததும் மறைப்பில்லாத தென்புறத்துக்கு மாற்றிவிடுங்கள். இந்த ஒரு மாற்றம், எந்த உரமும் தராத பலனைத் தரும்.

முற்றத்து நிழலுக்கு ஏற்றவை வல்லாரை, புதினா, வெற்றிலை. வெற்றிலையைப் பற்றி உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அகத்தி நிழலில் கொடிக்கால் போடும் ஊர் அது, நிழலும் ஈரக் காற்றும் கொடிக்கு உவப்பானவை. புதினாவுக்குக் கடையில் வாங்கிய கட்டே போதும்: இலையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, முற்றிய தண்டுகளை ஒரு குவளை நீரில் நிறுத்தி, நாள்தோறும் நீர் மாற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் இறங்கும். வல்லாரை ஓடுதண்டு விட்டுப் படரும் செடியாதலால் ஆழமான தொட்டியைவிட அகன்ற தொட்டியே நல்லது.

வல்லாரை வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானே கிடைக்கிறதே, வளர்ப்பானேன் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். சம்பா பயிர் வளரும் கார்த்திகை, மார்கழியில்தான் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குருத்துப் பூச்சிக்கும் மருந்தடிக்கிறார்கள். அடித்த மருந்து வரப்பிலும் படியும். சாக்கடை கலக்கும் வாய்க்கால் ஓரத்து வல்லாரையும் கரிசலாங்கண்ணியும் பச்சையாக அரைக்கத் தக்கவை அல்ல. அந்த இலையை உண்ண விரும்புகிறவர்கள் வீட்டில் ஒரு தொட்டி வைத்துக்கொள்வதே முறை.

திருவாரூர் வாசகி: வேலியில் தூதுவளை அடர்ந்து கிடக்கிறது. மாமியார் ரசம் வைக்கச் சொல்கிறார். பிள்ளைகளோ முள் தொண்டையில் குத்தும், கசக்கும் என்று தொடுவதில்லை. என்ன செய்தால் உண்பார்கள்?

தூதுவளைக்கு இதுவே பருவம். மழையில் துளிர்த்த இளங்கொழுந்தை மார்கழியில் பறிப்பதற்கும், கோடையில் முற்றிக் காய்ந்த இலையைப் பறிப்பதற்கும் சுவையில் பெரிய வேறுபாடு உண்டு. நுனியிலிருந்து நான்கைந்து இலைகளுக்கு மேல் இறங்கிப் பறிக்காமல் இருந்தாலே கசப்பில் பாதி குறைந்துவிடும்.

முள்ளைப் பற்றிய அச்சம் நியாயமானதே. இலையைத் திருப்பிப் பார்த்தால் நடு நரம்பின் மீது வளைந்த சிறு முட்கள் வரிசையாக நிற்பது தெரியும், இலைக்காம்பிலும் இருக்கும். காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, இலையைக் கவிழ்த்துப் பிடித்து, நரம்பை ஒட்டிச் சிறு கத்தரிக்கோலால் முட்களை வெட்டிவிடலாம். முற்றிய இலையாக இருந்தால் நடு நரம்பையே உருவி எடுத்துவிடுவது விரைவான வழி. பிறகு நெய்யில் வதக்கும்போது இலை கரும்பச்சையாகச் சுருண்டு, மிஞ்சிய ஓரிரு முட்களும் மென்மையாகிவிடும். பச்சையாக அரைத்துக் கொதிக்க விடுவதால்தான் பலர் வீட்டில் ரசம் கசக்கிறது. வதக்காமல் அரைக்கவே கூடாது.

நால்வருக்கு இருபது கொழுந்திலைகள் போதும். ஒரு தேக்கரண்டி நெய்யில் வதக்கிய இலையோடு ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், நான்கு பல் பூண்டு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை அளவில் பாதிப் புளியைக் கரைத்து, ஒரு தக்காளியைப் பிசைந்து போட்டு, மஞ்சள்தூளும் உப்பும் இட்டுப் பச்சை வாடை போகும்வரை கொதிக்கவிட்டபின், அரைத்த விழுதையும் துவரம்பருப்பு வெந்த நீரையும் ஊற்றி, நுரை கூடி மேலெழும்பும் கணத்தில் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் ஒரு கொதி வந்தாலும் மணம் போய்விடும். நெய்யில் கடுகு, பெருங்காயம், ஒரு மிளகாய் வற்றல் தாளித்துக் கொட்டி, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள்.

பிள்ளைகளுக்கு ரசத்தைவிடத் தோசை எளிது. ஊறவைத்த பச்சரிசியோடு வதக்கிய தூதுவளையும் சிறிது மிளகும் சீரகமும் சேர்த்து அரைத்து மெல்லியதாக வார்த்தால் பச்சை நிறத்தைப் பார்த்தே கேட்டு வாங்கி உண்பார்கள். முடக்கத்தான் இலைக்கும் இதே முறைதான். மாவைப் புளிக்கவிட்டால் கசப்பு இன்னும் அடங்கும். ஓமவல்லி இலையைக் கடலைமாவில் தோய்த்து மாலையில் பஜ்ஜி போடலாம். ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால் இந்த இலையிலும் இருப்பதால் மாவில் தனியாக ஓமம் சேர்க்க வேண்டாம்; சேர்த்தால் நாக்கு மரத்துப்போகும்.

மாமியார் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் தூதுவளை ரசத்தை நாள்தோறும் மருந்துபோல ஊட்ட வேண்டியதில்லை. வாரம் ஓரிரு முறை உணவாக இலையில் விழுந்தால் போதும்.

வேதாரண்யம் வாசகர்: மணற்பாங்கான நிலம், கடற்காற்று. கொத்தமல்லி விதைத்தால் முளைப்பதே இல்லை.

கடையில் சமையலுக்கு வாங்கிய பழைய தனியாவாக இருந்தால் முளைப்புத் திறன் குறைந்திருக்கக்கூடும். விதைக்கென்று விற்பதையே வாங்குங்கள். ஒவ்வொரு தனியாவுக்குள்ளும் இரண்டு விதைகள் ஒட்டிக்கொண்டிருப்பதால், தரையில் பரப்பிக் கட்டையால் மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். அதன்பின்னும் முளைவிட எட்டு முதல் பதினைந்து நாள் ஆகும். பொறுமை இழந்து கிளறிவிடுகிறவர்கள் அதிகம்.

உங்கள் மணலில் நீர் தேங்காது என்பது பெரிய வசதி. ஆனால் எரு இல்லாத மணலில் மேற்பரப்பு ஒரே நாளில் காய்ந்துவிடும். கடற்காற்று கொண்டுவரும் உப்பும் இளநாற்றைக் கருக்கும். மக்கிய எருவைத் தாராளமாகக் கலந்து, விதைத்த இடத்தின் மீது வைக்கோலை மெல்லியதாகப் பரப்பி, முளை கண்டதும் நீக்குங்கள். கிழக்கே தென்னங்கீற்றால் ஒரு தட்டி கட்டினால் உப்புக்காற்று தணியும். கிணற்று நீர் உப்புக் கரித்தால் பிடித்துவைத்த மழைநீரைத் தெளியுங்கள். கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் தையில் பறிக்கலாம். மாசிக்குப் பிறகு வெயிலேறினால் பூவெடுத்துவிடும்.

திருவையாறு வாசகி: துளசி, தூதுவளை, முருங்கை இலைகளை உலர்த்திப் பொடியாக்கிப் புட்டியில் அடைத்தேன். பொங்கலுக்குள் பூசணம் பூத்துவிட்டது. மேலே உள்ளதை நீக்கிவிட்டு, மீதியை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். பூசணம் மேலே தெரிந்தாலும் அதன் இழைகள் உள்ளே ஊடுருவியிருக்கும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சு, வெயிலில் காய்வதாலும் கொதிநீரில் வேவதாலும் அகலாது. புட்டி முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

நீங்கள் உலர்த்திய காலமே பொருந்தாதது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கிறது. மார்கழியில் மழை ஓய்ந்தாலும் விடியற்காலையில் பனி சொட்டுகிறது. பகலில் காய்ந்த இலை, மாலையில் ஈரத்தை மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே உலர்த்தும் வேலையைத் தைப் பாதிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பனி முற்றிலும் காய்ந்தபின், ஏறத்தாழ ஒன்பது பத்து மணிக்கு இலை பறித்து, கழுவி, துணியில் ஒற்றி, காற்றோட்டமான அறையில் பழைய வேட்டியின் மீது ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். நேர்வெயில் இலையின் பச்சையையும் மணத்தையும் போக்கிவிடும். மாலை நான்கு மணிக்கெல்லாம் மூட்டை கட்டி உள்ளே வைத்து, மறுநாள் மீண்டும் பரப்ப வேண்டும். கையில் எடுத்து நசுக்கினால் இலை சலசலத்து நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

இலையைப் பொடியாக்காமல் முழுதாகவே கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி, இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். உட்புறம் நீராவி படிந்தால் உடனே வெளியே எடுத்து உலர்த்துங்கள். பொடியை அவ்வப்போது வேண்டிய அளவுக்கு மட்டும் இடித்துக்கொண்டால் மணம் நிற்கும்.

எல்லா இலையும் உலர்த்தத் தக்கதன்று. ஓமவல்லி காய்வதற்குள் கறுத்துவிடும். கொத்தமல்லி காய்ந்தால் வைக்கோல்தான். பச்சையாக நறுக்கிச் சிறிது நீருடன் ஐஸ் தட்டில் உறையவைத்து, ரசம் இறக்கும்போது ஒரு கட்டியைப் போடுவதே அதற்கு ஏற்ற வழி. என்னைக் கேட்டால், தொட்டியில் பச்சையாக நிற்கும் இலை இருக்கும்போது அதையே பறித்துச் சமையுங்கள் என்பேன். கோடைக்கு வேண்டியதை மட்டும் உலர்த்துங்கள்.

மயிலாடுதுறை வாசகி: எட்டு மாதக் குழந்தைக்குப் பனியில் சளி பிடித்திருக்கிறது. ஓமவல்லிச் சாற்றில் தேன் குழைத்துத் தரவும், தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி மார்பிலும் மூக்கிலும் தடவவும் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

இரண்டையும் செய்யாதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் விதைநிலை, பெரியவர்களின் குடலில் ஒன்றும் செய்யாது. பச்சிளங்குழந்தையின் குடலிலோ வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கும். கற்பூரம் வயிற்றுக்குள் சென்றால் வலிப்பு வரும். குழந்தை தடவிய இடத்தைத் தொட்டு வாயில் வைத்துக்கொள்ளும். மூக்கருகே தடவினால் மூச்சே திணறக்கூடும். ஆவி பிடிக்க வைப்பதும் ஆகாது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகள் உண்டு.

பெரியவர்களின் அக்கறையை மதித்து, அவர்கள் செய்யக்கூடிய வேறு வேலையைக் கொடுங்கள். பாலூட்டும் நீங்கள் தூதுவளை ரசமோ ஓமவல்லிப் பச்சடியோ உணவாக உண்ணலாம். அதை ஆக்கித் தரச் சொல்லுங்கள். குழந்தைக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்து, தலையிலும் காதிலும் பனி படாமல் பார்த்துக்கொண்டால் சாதாரணச் சளி தானே தணியும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்த நிலையில் எந்த இலையையும் தேடிக்கொண்டிருக்கலாகாது.

இதையொட்டி மற்ற வாசகர்களுக்கும் இரண்டு செய்திகள். கருவுற்ற பெண்கள் ஆடாதொடை இலைக் கஷாயத்தைத் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருமலுக்கென்று அதிமதுரத்தை நாள்கணக்கில் வாயில் அடக்கிக்கொள்ள வேண்டாம். அது அழுத்தத்தை உயர்த்தி, உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

பாபநாசம் வாசகர்: மழை மாதங்களில் வீடெங்கும் ஈர வாடை, அலமாரித் துணிகளும் மணக்கின்றன. கொசுத் தொல்லையும் மிகுதி. மூலிகைகளால் ஏதேனும் செய்ய இயலுமா?

நொச்சி இருக்கும் ஊரில் இந்தக் குறைக்கு நல்ல துணை உண்டு. ஆற்றங்கரையில் ஒரு கழியை வெட்டி வந்து மழைக்காலத்தில் ஊன்றினால் அதுவே வேலியாகிவிடும். உலர்ந்த நொச்சியிலையைத் துணிப் பையில் கட்டி அலமாரியில் வைத்தால் பூச்சி அணுகாது; நெல் குதிரிலும் பெரியவர்கள் இதைத்தான் இட்டார்கள். வசம்புத் துண்டு ஒன்றும் உடன் இருக்கட்டும், ஆனால் குழந்தைகளின் கைக்கு எட்டாத தட்டில். வாடை போவதற்கு அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைப்பதும், வெயில் வரும் நாளில் கதவைத் திறந்துவிடுவதும் முதலில் செய்ய வேண்டியவை. ஈரத்தைப் போக்காமல் மணத்தை மட்டும் கூட்டுவதில் பயனில்லை.

நொச்சிப் புகை மாட்டுக் கொட்டகைக்கு ஏற்றது. கூடத்துக்குள் வேண்டாம், ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் அறவே வேண்டாம். அங்கே கொசுவலைதான் சரி. கூடத்தில் மணம் வேண்டுமென்றால், கிள்ளிய துளசிக் கதிர்கள், மருக்கொழுந்து, திருநீற்றுப்பச்சிலை மூன்றையும் ஒரு செம்பு நீரில் நிறுத்தி நடைவழியில் வையுங்கள். வருவோர் போவோரின் கை பட்டு இலை உரசும்போதெல்லாம் மணம் எழும். நீரை நாள்தோறும் மாற்றுவது இங்கும் பொருந்தும்.

பட்டுக்கோட்டை வாசகி: மார்கழியில் கறிவேப்பிலை மஞ்சளாகி உதிர்கிறது. புளித்த மோர் ஊற்றியும் துளிர்க்கவில்லை.

பனி மாதங்களில் கறிவேப்பிலை வளர்ச்சியை நிறுத்தி ஓய்வெடுக்கும். முதிர்ந்த இலைகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. இந்த நேரத்தில் மோரோ உரமோ ஊற்றினால் வேர் எடுத்துக்கொள்ளாது, மண்தான் புளிக்கும். நீரையும் பாதியாகக் குறைத்து, மேல்மண் காய்ந்தபின் மட்டும் ஊற்றுங்கள். கொழுந்திலைகளே மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. அதற்கு மட்டும் தனியாகக் கவனம் வேண்டும். மாசி பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கியதும் கிளை நுனிகளை ஒரு சாண் அளவு வெட்டிவிட்டு, அடியைக் கொத்தி எரு இட்டு, அதன்பின் உங்கள் மோரை நீர்க்கக் கரைத்து ஊற்றுங்கள். பங்குனிக்குள் புதுத்துளிர் வரும்.